இரட்டைச் சடையும் பொது மன்னிப்பும்

விண்ணப்ப ஃபோம் நிரப்புற தொழிலுக்கு வந்துட்டா, ஊரார் வீட்டுக் கவலையெல்லாம் கட்டம் கட்டமாத்தான் கண்ணுல படும். ஹட்டன்ல போட்டோ கொப்பிக் கடை வச்சிருக்கேன். அரசாங்கக் கந்தோர் வாசல்ல "நாளைக்கு வாங்க"ன்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவங்களா நீங்க? அப்ப நம்மாளுதான், உக்காருங்க.

யாரு யாரை மன்னிக்கிறது?

வட்டவளை செல்வராஜோட சம்சாரம் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவங்க. சம்பளம் தராம அடைச்சு வச்ச வீட்டுல இருந்து தப்பிச்சு ஓடினப்ப, பாஸ்போர்ட் அங்கேயே மாட்டிக்கிச்சு. விசாவும் முடிஞ்சு, அஞ்சு வருஷமா ஒளிஞ்சு ஒளிஞ்சு வேலை. அப்பதான் அந்த நாட்டுல பொது மன்னிப்பு அறிவிச்சாங்க. மாசக் கடைசிக்குள்ள நம்ம தூதரகத்துல தற்காலிகப் பாஸ்போர்ட் எடுத்துப் பதிஞ்சா, தண்டப் பணமும் இல்ல, சிறை மறியலும் இல்ல, நேரா வீடு. விட்டா அவ்வளவுதான்.

அவங்களுக்காக ஃபோம் நிரப்ப செல்வராஜ் கடைக்கு வந்தாரு. நான் சந்தோஷமா "மன்னிப்பு ஃபோம் இருக்கு"ன்னு சொன்னதுதான் தாமதம், மனுசன் விருட்டுன்னு எந்திரிச்சிட்டாரு.

"மன்னிப்பா? அடைச்சு வச்சவன்தானே கேக்கணும்! எம் பொண்டாட்டி எதுக்குங்க கேக்கணும்?"

லெட்சுமியும் லச்சிமியும்

தேத்தண்ணி குடுத்து உக்கார வச்சு, பத்திரங்களைப் பிரிச்சேன். சம்சாரத்தோட அடையாள அட்டையில 'லெட்சுமி'. பிறப்புப் பத்திரத்துல 'லச்சிமி'. தேயிலைத் தோட்டத்துல சொன்னது ஒண்ணு, பதிஞ்சவர் காதுல விழுந்தது ஒண்ணு. நமக்கெல்லாம் பழகின கூத்துதானே! ரெண்டு பேரும் ஒருத்திதான்னு சத்தியக் கடதாசி முடிக்கணும், இல்லாட்டி ஃபோமை ஏத்துக்க மாட்டாங்கன்னு சொன்னேன். நாளோ ஒரு வாரந்தான் கிடந்துச்சு. செல்வராஜ் தலையில கைய வச்சிட்டாரு.

"ஒருத்தியவே காணாமத் தவிக்கிறேன், இதுல ரெண்டாவது ஒருத்தியாங்க?"

காரணம்

'நாடு திரும்பக் காரணம்'னு ஒரு கட்டம். வழக்கம்போல 'குடும்ப நிலை'ன்னு எழுதப் போனேன். பக்கத்துல அவரு மக கவிதா நின்னுக்கிட்டிருந்தா. அம்மா போறப்ப மூணு வயசு, இப்ப பத்து. இரட்டைச் சடை, ஒண்ணு காதுகிட்ட, ஒண்ணு கழுத்துகிட்ட. பின்னினது அப்பாதான், சொல்லவே வேணாம். அவரு என் பேனாவைப் புடிச்சு நிறுத்திட்டாரு.

"புள்ளைக்குச் சடை பின்ன ஆளில்லன்னு எழுதுங்கய்யா, அதான் உண்மை."

வந்தவங்க

சத்தியக் கடதாசியும் முடிச்சு, அதையே எழுதித் தூதரகத்துக்கு அனுப்பினோம். கடைசி நாளுக்கு முதல் நாள் பதிஞ்சு, லெட்சுமி வந்து சேர்ந்துட்டாங்க. மூணு பேருமா பிஸ்கட் பெட்டியோட கடைக்கு வந்தாங்க. ஆனா கவிதா அப்பா முதுகுக்குப் பின்னாலேயே நின்னா, அதே கோணச் சடையோட. அம்மா சீப்பை எடுத்தா, "அப்பாவே பின்னட்டும்"ங்கிறாளாம். லெட்சுமி சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

"அந்த நாடே மன்னிச்சிருச்சுங்கய்யா, இவ இன்னும் ஃபோமே தரல."

ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் புள்ளையப் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன், சடை ரெண்டும் ஒரே உசரம். ஃபோம் இல்லாம நடந்த காரியம்னு என் தொழில்ல நான் கண்டது அது ஒண்ணுதாங்க.