பதினோரு அட்டைகளும் ஒரு மஞ்சள் சக்கரமும்

என் மகள் ஸ்டெல்லாவின் அழைப்பு வந்தபோது நான் சமையலறையில் நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். “அம்மா, கதிர் அண்ணே போயிட்டாரு. காலையில நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…” என்றாள். லோரியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறாயா என்று முதலில் கேட்டேன். ஆம் என்றாள். அதன் பிறகுதான் இருவரும் அழுதோம்.

குருபோங் வட்டாரத்தில் அவர் பெயர் “ரிம் கதிர்”. கதிரேசன் என்று முழுப் பெயர் சொல்லி அழைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவரும் மனைவி செல்வியும் வண்டிச் சக்கரங்களின் ரிம்முக்கு நிறம் மாற்றும் பட்டறை நடத்தினார்கள். அவர்கள் அடிப்பது வழக்கமான பெயிண்ட் அல்ல. காய்ந்தவுடன் ரப்பர் தோல் போல ஆகிவிடும். அலுத்துப்போனால் உரித்து எடுத்துவிடலாம். அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும். அந்த வேலையை அவரிடம் செய்துகொண்டவர்கள் மலாக்காவில் பலர். எனக்கு மட்டும் அதைச் செய்துகொள்ள மனம் வருவதற்கு வெகுநாள் பிடித்தது.

என் கணவர் அந்தோணியிடம் மூன்று டன் லோரி ஒன்று இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும், கிறிஸ்துமஸுக்கு முன்பு, தம் கையால் தூரிகை பிடித்து அதன் சக்கரங்களுக்குப் பச்சை அடிப்பார். அவர் மறைந்தபின் புக்கிட் காத்தில் என்ற எங்கள் இடத்தில், வீட்டு வாசலில் லோரி தார்ப்பாய்க்குள் கிடந்தது. விற்கவும் நான் விடவில்லை, ஓட்டவும் விடவில்லை. லோரி உரிமம் வைத்திருந்த ஸ்டெல்லா ஏழு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள், தானே ஓட்டப் போவதாகவும், சக்கரங்களுக்கு மஞ்சள் அடிக்கப் போவதாகவும் சொன்னாள்.

“அந்தப் பச்சையில யாரும் கை வைக்கக் கூடாது” என்றேன்.

“அப்பா வச்ச மாதிரியே வை, அப்பா ஓட்டுன மாதிரியே ஓட்டு. அப்ப நான் யாரும்மா, வெறும் டிரைவரா? முடியாதுன்னா வித்துடுவோம். நான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்.”

லோரியோடு மகளும் போய்விடுவாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாசலுக்குப் போய்த் தார்ப்பாயின் முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

அந்த வாரம் அவள் கதிரேசனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். செருப்பை வாசலில் தாறுமாறாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரை எனக்குப் பிடிக்கவில்லை. “அக்கா” என்று ஆரம்பித்தார். நான் உங்களுக்கு அக்கா இல்லை என்றேன். “சரிங்க மேடம். ஒரு பழைய சட்டி மூடி இருந்தா குடுங்க” என்றார்.

கொடுத்தேன். அதைக் கழுவித் துடைத்துக் கொல்லையில் வைத்து, ஒரு பூச்சு அடித்தார், காயவிட்டு அடுத்தது, இப்படி ஐந்து முறை. இடையில் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மாலையில் விளிம்பை நகத்தால் நெம்பி இழுத்தார். பாலாடை போல மஞ்சள் தோல் முழுதாகக் கழன்று வந்தது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

“வருஷம் கழிச்சும் இப்படியே வருமா?”

“மெல்லிசா அடிச்சா பிச்சுப் பிச்சு வரும் மேடம். தடிப்பா அடிச்சா ஒரே தோலா வந்துடும். வரலன்னா என்னை நிக்க வச்சுத் திட்டுங்க.”

சக்கரத்து நட்டுகளுக்கும் மஞ்சள் வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “நட்டுக்கு மட்டும் கேக்காத தங்கச்சி. நட்டு உக்கார்ற எடத்துல பெயிண்ட் இருந்தா இறுக்கம் விட்டுப் போகும். ஹைவேயில சக்கரம் கழண்டா கலரையா பாப்பாங்க?” அந்தப் பதிலுக்காகவே நான் சம்மதித்தேன். ஒரு நிபந்தனை வைத்தேன்: கணவரின் முதலாண்டு நினைவு நாளன்று நான்கையும் உரித்துக் காட்ட வேண்டும். “போலே லா, செஞ்சுடலாம்” என்றார்.

டயரில் பூச்சு படாமலிருக்க, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே தடித்த அட்டைகளைச் சுற்றிலும் செருகுவது அவர் வழக்கம். அதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள்தாம் வாகு என்பார். நம் வீடுகளில் அவற்றுக்கா பஞ்சம்? இழுப்பறையிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

“மேடம், இதுல அண்ணன் இருக்காரு. பதினோரு அட்டை. எண்ணிக்கோங்க.”

என் கணவரின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு அச்சடித்த நினைவு அட்டைகள். படத்தோடு. ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் தெறித்திருந்தது.

“கண்ணை எங்க வச்சிருந்தீங்க? ஒரு மனுஷன் முகம் தெரியலையா?” என்று வாசலில் வைத்தே சத்தம் போட்டேன். அவர் பையை என் கையில் கொடுத்தார். “மன்னிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இழுப்பறையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. நினைவு அட்டைகளைப் பத்திரிகைகளோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டவள் நான்தான். கரண்டிகளைக்கூட அளவு பார்த்து அடுக்குகிறவள் நான்.

மறுநாள் காலையில் வாடகைக் காரில் குருபோங் போனேன். லோரி நின்றிருந்தது, ஒரு சக்கரத்தில் மட்டும் லேசாக மஞ்சள், மற்றவற்றில் இன்னும் பச்சை. எனக்காக வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். வானொலி அலறிக்கொண்டிருந்தது. “தவறு என்னுடையது, கதிரேசன்” என்றேன்.

“செல்வி, ரேடியோவ அடை! மேடம் சாரி சொல்றாங்க. இன்னொரு தரம் கேப்போம்.”

செல்வி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்த பதினோரு அட்டைகளையும் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“வேணாம் மேடம். அண்ணன் முகத்துல பெயிண்ட் படும்.”

“முப்பத்தொன்பது கிறிஸ்துமஸ் நான் பாத்துட்டேன் தம்பி. முகத்துல பெயிண்ட் இல்லாம அவர் இந்த வேலையைச் செஞ்சதே இல்ல.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படங்கள் டயரின் பக்கம் பார்த்திருக்கும்படி ஒவ்வொன்றாகத் திருப்பிச் செருகினார். “அக்கா, தள்ளி நில்லுங்க, புடவையில தெறிக்கும்” என்றார். இந்தமுறை நான் திருத்தவில்லை.

நினைவு நாளன்று கோயிலில் பூசை முடிந்து நேரே பட்டறைக்குப் போனோம். கதிரேசன் முன் சக்கரத்தின் விளிம்பை நெம்பி இழுத்தார். ஐந்து மாத வெயிலும் மழையும் பட்ட தோல் ஒரே வட்டமாகக் கழன்று வந்தது. அடியில் என் கணவரின் பச்சை. அவர் தூரிகையிலிருந்து உதிர்ந்த மயிர்கூட ஒட்டியபடியே இருந்தது. நான் குனிந்து அதைத் தொட்டேன். நிமிர்ந்தபோது ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஐந்து மாதத்தில் அவள் ஒரு நாள்கூடச் சிங்கப்பூரைப் பற்றிப் பேசியிருக்கவில்லை.

“மத்த மூணையும் உரிச்சிடவா அக்கா?”

“வேண்டாம். இதுக்கும் மஞ்சளே அடிச்சிடுங்க.”

“ஒண்ணு மட்டும் பச்சையா இருக்கட்டுமேம்மா, அப்பாவுக்காக” என்றாள் ஸ்டெல்லா.

“நாலு சக்கரம் ரெண்டு நிறமா? உன் லோரிய ரோட்டுல பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?”

‘உன் லோரி’ என்று நான் சொன்னதை முதலில் கவனித்தவர் கதிரேசன்தான் என்று நினைக்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு அட்டைக் கட்டை எடுக்கப் போனார்.

இப்போது கதிரேசனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போகிறது அந்த லோரி. பட்டறையை மூடப்போவதில்லை என்று செல்வி சொல்லிவிட்டாள். பாதிச் சக்கரங்களை எப்போதும் அவள்தான் அடித்திருக்கிறாள். வருகிற ஆண்டு நீல நிறம் வேண்டுமாம் என் மகளுக்கு. என்ன நீலம் என்று எனக்கு முதலில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஓரத்தில் முதலில் மஞ்சள் தெறித்த அந்த அட்டை என் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது; மற்ற பத்தும் பட்டறையிலிருந்து இழுப்பறைக்குத் திரும்பிவிட்டன. கதிரேசனின் படம் போட்ட பதினாறாம் நாள் அட்டையும் நேற்று வந்து சேர்ந்தது. அதை ஜெபப் புத்தகத்தில் வைக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, கல்யாணப் பத்திரிகைக் கட்டில், என் கணவரின் அட்டைகளுக்குப் பக்கத்தில், இந்தமுறை தெரிந்தே செருகி ரப்பர் பேண்ட் போட்டேன். நீலம் அடிக்கும்போது அவரும் சக்கரத்தில் இருக்க வேண்டும்.