சொல்லின் வால்

ஜெர்மனியின் ஹெர்னே நகரத் திருவிழாவில் மேடையேற இருபது நிமிடம் இருந்தபோது பாடகி கிட்டா லோமானின் தொண்டை அடைத்துக்கொண்டது. காலையில் கரகரத்தது, இப்போது வெறும் காற்றுதான் வந்தது. வெளியே சாசேஜும் பீருமாக ஆயிரம் பேர் காத்திருந்தார்கள்.

"நீ பாடு, ரோஸி," என்று கிசுகிசுத்தாள்.

ரோஸி என்கிற ரோஸ்விதாவுக்கு ஐம்பத்தொரு வயது. வாரநாட்களில் பக்கத்து ஊரான போஹுமின் நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுப்பவள். இருபத்துநான்கு வயதில் தன் பெயரில் ஒரே ஓர் இசைத்தட்டு போட்டாள், விற்கவில்லை. அதன்பின் இருபத்தேழு ஆண்டுகளாகக் கிட்டாவுக்கு மூன்றடி பின்னால் நின்று பின்பாட்டு.

"வேண்டாம்டி. அப்பவே ஒரு தடவ முன்னால நின்னு பாத்தாச்சு. நான் பாடப் பாட ஜனங்க பீர் வாங்கப் போயிட்டாங்க."

"போனா போறாங்க. உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வருவாங்க."

சவுண்ட் பார்க்கும் ஊவே எட்டிப்பார்த்தான். "அம்மணிகளா, முன் மைக் யாருக்கு?"

கிட்டா ரோஸ்விதாவை முன்னால் தள்ளிவிட்டாள்.

மேடையில் ரோஸ்விதாவின் குரல் நன்றாகவே எழுந்தது. இருந்தும் ஏதோ இடித்தது. முன்னால் பாடுபவரும் பின்னால் பாடுபவரும் ஆளுக்கொரு நொடியில் 'ஸ்' என்று முடித்தால் மைக்கில் பாம்பு சீறுவதுபோலிருக்கும். அதனால் பின்பாட்டுக்காரர்கள் சொல்லின் வாலை விழுங்கிவிடுவார்கள். ரோஸ்விதாவும் பழக்கதோஷத்தில் விழுங்கினாள். இரவைக் குறிக்கும் 'நாஹ்ட்', வெறும் 'நாஹ்' என்று நின்றது.

"என்னம்மா, பல்செட்ட வீட்டுல வெச்சுட்டீங்களா?" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர். கூட்டம் சிரித்தது. இரண்டு பேர் பீர்க் கடைப் பக்கம் திரும்பினார்கள்.

என்ன தவறு என்று அவளுக்குத் தெரிந்தது. நாக்குதான் கேட்கவில்லை. இரண்டாம் சரணத்தின் முதல் வரி முடியும் இடம். மறுபடியும் வாலை விழுங்கினாள்.

'ட்.'

பின்னாலிருந்து வந்தது. சரியான நொடியில். அடுத்த வரியின் முடிவில் 'ஸ்'. குரலே தேவைப்படாத ஒலிகள். மூச்சும் நாக்கும் போதும். தங்கநிற ஜாக்கெட்டோடு பின்பாட்டு மைக் முன் நின்று, கிட்டா ஒவ்வொரு சொல்லுக்கும் வால் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ரோஸ்விதா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

பாட்டு முடிந்தது. முன்வரிசைப் பெரியவர் இரண்டு கையாலும் தட்டுவதற்காகப் பீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார்.

கிட்டா ரோஸ்விதாவின் காதருகே வந்தாள். "இன்னும் எட்டுப் பாட்டு இருக்கு. எனக்கு எச்சில் வத்திடும். இனிமே வால நீயே போட்டுக்க."