கக்க முடியாத வயிறு

திருச்செங்கோட்டுப் பக்கம் எந்த மாட்டுக்கு வயிறு உப்பினாலும் பூபதி மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். வந்து விலாவில் ரெண்டு தட்டுத் தட்டுவார். சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியைப் பற்றி அவர் பேசமாட்டார். என் அக்காவைக் கட்டியவர் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஐந்து மாடுகளோடு அவரிடம் ஒரு குதிரையும் இருக்கிறது. பெயர் சிட்டு. கோயில் விசேஷம், கல்யாண ஊர்வலம் என்றால் சிட்டுதான் முன்னால் போகும். மேளச் சத்தம் காதில் விழுந்தால் போதும், முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடும். மாமாவுக்கு அதன் மேல் உயிர்.

போன வருஷப் பட்டிப்பொங்கலன்று மாட்டுக்கு ஒரு உருண்டையாகப் பொங்கல் ஊட்டினார்கள். பக்கத்தில் நின்ற சிட்டு கனைத்தது. அது மாமாவின் மனசைப் பிசைந்திருக்க வேண்டும். மறுநாள் காலை மீந்த பொங்கலில், அரை அண்டா இருக்கும், வெல்லத்தைப் போட்டுப் பிசைந்து அண்டாவோடு அதன் முன்னால் வைத்துவிட்டார்.

"ஏனுங்க, குதிரைக்கு இதெல்லாம் ஆவுமுங்களா?" என்று சாலம்மாள் அக்கா கேட்டாள்.

"மாட்டுக்கு ஆவறது குதிரைக்கு ஆவாதா? எனக்குத் தெரியாத வயிறா?"

பத்து மணிக்குள் சிட்டு தரையைக் காலால் பறண்ட ஆரம்பித்தது. தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. வேர்த்துக் கொட்டியது. படுத்துப் புரண்டது. கொஞ்ச நேரத்தில் அசை போட்டுவிடும் என்று மாமா காத்திருந்தார். குதிரை எந்தக் காலத்தில் அசை போட்டது? நான்தான் போன் போட்டு கால்நடை டாக்டரம்மா மோகனப்பிரியாவை வரவழைத்தேன்.

"என்ன தின்னுச்சுங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

வேலியோரம் ஊரே நின்றது. அதில் பாதிப் பேர் மாமாவிடம் மாட்டு வைத்தியம் கேட்டுப் போனவர்கள்.

"எப்பவும் போல புல்லுதானுங்க," என்றார் மாமா.

அக்கா அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா வலிக்கு ஊசி போட்டு, தீனியை நிறுத்தச் சொல்லிவிட்டு வேறொரு ஊருக்குப் போனார்.

ரெண்டு மணி நேரத்தில் சிட்டுவால் நிற்கவே முடியவில்லை. திரும்பி வந்த டாக்டரம்மாவிடம் மாமா கும்பிட்டுக்கொண்டே அழுதார். "பொங்கல் போட்டனுங்க. அரை அண்டா போட்டனுங்க."

மூக்கு வழியாகக் குழாய் விட்டபோது புளித்த சோற்றுத் தண்ணீர் வந்தது.

"மாடு தின்னதை வாய்க்குக் கொண்டாந்து அசை போடும், ஏப்பம் விடும்," என்றார் டாக்டரம்மா. "குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் சின்னது. அதோட வாசல் உள்ள போறதுக்கு மட்டுந்தான் திறக்கும். கக்க முடியாது. புல்லைப் புளிக்க வெச்சுச் செரிக்கிற பெரிய பை பின்னாடி குடல்ல இருக்கு. அங்க சோறு செரிக்காமப் போய்ச் சேர்ந்தா விஷமாகி, குளம்பு வரைக்கும் பாதிக்கும். காலையிலேயே சொல்லியிருந்தா அப்பவே வெளிய எடுத்திருப்பேன்."

அக்கா அப்போதுதான் மாமாவைப் பார்த்துப் பேசினாள். "அந்த வாயில்லா ஜீவனால கக்க முடியாதாமுங்க. உங்களால காலையிலயே முடிஞ்சிருக்குமில்லீங்க?"

சிட்டு பிழைத்துக்கொண்டது. குளம்புகள் கெட்டுப்போயின. இந்த வருஷப் பொங்கலுக்கு மேளம் கேட்டதும் ஒரு காலைத் தூக்கியது, வலி தாங்காமல் மெதுவாகக் கீழே வைத்தது. மாமா எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். இப்போதெல்லாம் எந்த மாட்டைப் பார்க்கக் கூப்பிட்டாலும், "நான் ஒரு குதிரையைக் கெடுத்தவனுங்க, டாக்டரையும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விலாவைத் தட்டுகிறார்.

அவர் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை. அன்று டாக்டரம்மாவின் வண்டிச் சத்தம் கேட்டதும், மாமாவின் மானம் போகக் கூடாது என்று அந்த அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தவன் நான். அதைப் பார்த்து மாமாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் அவர் புல் என்று சொன்னார்.