வலத்தோளில் ஐந்து வரித் தையல்

சென்ற ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை சுகந்தி அக்காவை நகர நடுவுக்கு, டவுன்ரவுனுக்குக் கூட்டிப்போனேன். (பெயரை மாற்றியிருக்கிறேன். இதை எழுதச் சொன்னதே அவர்தான்.) கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறை பேஸ்மென்டில் இருந்து சேலை பிளவுஸ் தைப்பவர். உலகமே கொண்டாடும் இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ஒருவரின் கண்காட்சி வந்திருக்கிறது, அந்தத் தையலை ஒருக்கால் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கேட்டு நான் மறுப்பதில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மார்க்கம் வீதியில் காலை 9.40க்கு 102ஆம் இலக்க பஸ். வோர்டனில் சப்வே, புளோர்-யங்கில் மாறி, கிங் நிலையத்தில் இறங்கினோம். ஒரு மணி பத்து நிமிடம், ஏறத்தாழ 24 கிலோமீற்றர், ஆளுக்கு 3 டொலர் 30 சதம். தயவுசெய்து கார் கொண்டுபோகாதீர்கள். தரிப்பிடத்துக்கு 30 டொலர் கேட்கிறான்கள், பகல்கொள்ளை! நுழைவுச்சீட்டு 28 டொலர்.

பஸ்ஸில் அக்கா மகளின் படத்தைக் காட்டினார். பிள்ளை வவுனியாவில். விட்டுவிட்டு வரும்போது ஏழு வயது, இப்போது பத்தொன்பது. அகதி விண்ணப்பப் படிவத்தை அக்காவுக்கு நிரப்பிக் கொடுத்தது நான். போர்க்காலத்தில் என்ன செய்தீர்கள் என்றொரு கேள்வி. வன்னியில் மூன்று வருடம் இயக்கத்துக்குச் சீருடை தைத்தேன் என்றார். "ஒளிக்காமல் எழுதுவம் அக்கா, இது கனடா, உண்மைக்கு மதிப்பு இருக்கு" என்று பெரிய மனிதர் மாதிரிச் சொல்லி, என் கையாலேயே எழுதினேன். இயக்கம் இங்கே தடைசெய்யப்பட்டதாம்; அந்த ஒரு வரியால் பன்னிரண்டு வருடமாக அவருடைய கோப்பு நகரவில்லை. நிரந்தர வதிவிடமும் இல்லை, மகளைக் கூப்பிடவும் வழியில்லை. வாயை மூடிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் வீடு வாங்கி, பிள்ளைகளுக்குக் கலியாணமும் கட்டிவைத்துவிட்டார்கள்.

கண்காட்சியின் நடு மண்டபத்தில் அந்த மனிதரைப் புகழேணியில் ஏற்றிவைத்த பெண்கள் ஜாக்கெட் நிற்கிறது. வலத்தோளில் மட்டும் ஐந்து வரித் தையல். அதுதான் அவருடைய முத்திரை என்றும், சமச்சீரின்மையின் அழகு என்றும் சுவரில் ஒரு முழத்துக்கு எழுதியிருக்கிறது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இது வடிவுக்குத் தைக்கிறேல்லைத் தம்பி. சுடேக்க துவக்கின்ர அடிக்கட்டை வந்து தோளில இடிக்கிற இடம். துணி கிழியாமல் இருக்க வரி வரியாப் போடுறது. நாங்கள் ஏழு போடுறனாங்கள். உந்தாள் பட்டாளத்துக்குத் தைச்சிருக்கு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வருபவர்கள் மேலங்கியைக் கழற்றி மாட்டும் அறைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய பலகை இருப்பதைக் காட்டினார். எல்லாம் அதில் இருந்தது. உலகப்போர்க் காலத்தில் நோயாளியாக ஊரில் படுத்திருந்தேன் என்று சாகும்வரை சொன்ன மனிதர், உண்மையில் அன்றைய இத்தாலியச் சர்வாதிகாரியின் படைக்குச் சீருடை தைக்கும் பட்டறை நடத்தியிருக்கிறார். செத்த பிறகுதான் கடிதங்கள் வெளியே வந்தன. அதையும் ஆறே வரியில் முடித்திருந்தார்கள்.

"அவர் அப்போது இளைஞர். உயிர்வாழக் கிடைத்த வேலையைச் செய்தார். இன்றைய அளவுகோலால் அவரை அளக்கக்கூடாது" என்றார் அந்தப் பெண், மிகவும் கனிவாக.

அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இருந்தது. "எனக்கு அண்டைக்கு அகதி விசாரணையில உப்பிடிச் சொல்ல ஒரு ஆள் இருக்கேல்லையே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது? பொய் சொல்லியே பேரோடும் புகழோடும் செத்தவன் மேலா, உண்மையை எழுதச் சொன்ன என் மேலா?

போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் காலை 11 மணிக்கு முன் கூட்டம் இல்லை. ஒன்றரை மணி நேரம் போதும். உள்ளே ஒரு கோப்பி ஆறு டொலர், வெளியே வந்து குடியுங்கள். நடு மண்டபச் சுவரை விட்டாலும் அந்தச் சின்னப் பலகையைத் தவறவிடாதீர்கள். நுழைவுச்சீட்டைக் காட்டினால் அன்று முழுக்கத் திரும்ப உள்ளே விடுவார்கள்.

நாங்கள் திரும்பப் போகவில்லை. வாசலில் அக்கா தன் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"அந்த வழிகாட்டிப் பிள்ளை சொன்னதை அப்பிடியே இங்கிலீசில எழுதித் தாரும் தம்பி. லோயரிட்டக் குடுக்கப் போறன்."

அந்த வார்த்தை அந்த மனிதருக்கு மட்டும்தான் செல்லும், உங்களுக்குச் செல்லாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீட்டின் பின்பக்கத்தில், அன்று படிவத்தில் எழுதிய அதே கையால், ஒரு சொல் விடாமல் எழுதிக் கொடுத்தேன்.