பஞ்சக்கா கிளறிய குப்பை

அவள் தலைமுடியில் எந்நேரமும் ஒரு பஞ்சுத் துணுக்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் தெருவே அவளைப் பஞ்சக்கா என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் தபால்காரரே ஒரு நொடி யோசிப்பார்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு, இழந்த பக்கத்தில் வைத்துக்கொள்ளத் திண்டு தைப்பது அவள் தொழில். அது நழுவாமல் தாங்கும் உள்ளாடையும் அவளே தைப்பாள். மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் தையல் இயந்திரம், அதற்குப் பக்கத்தில் சமையலறைத் தராசு. வெறும் பஞ்சை அடைத்தால் பார்க்கிற கண்ணை ஏமாற்றலாம், உடம்பை ஏமாற்ற முடியாது. கனமில்லாத பக்கத்துத் தோள் மெல்ல மெல்ல மேலேறிவிடும், முதுகு வலி எடுக்கும். அதற்காகத் திண்டுக்குள் சின்னக் கண்ணாடி மணிகளைப் பையில் கட்டி வைத்து, தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் வாயைத் தைப்பாள்.

ஒரு காலத்தில் உள்ளாடைத் தொழிற்சாலையில் கூலிக்குத் தைத்தவள். அதே நோய்க்கு அறுவை செய்துகொண்ட அவள் தங்கை, இழந்த பக்கத்தில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு பேருந்தில் போனாள். கூட்டத்தில் அது நழுவி விழுந்தது. யாரோ ஒரு நல்ல மனிதர் எடுத்து, "உங்க கைக்குட்டைம்மா" என்று நீட்டினார். அன்றிலிருந்து தங்கை வாசலைத் தாண்டவில்லை. பஞ்சக்கா தைத்த முதல் திண்டு அவளுக்குத்தான். தங்கை அதை வைத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பிய காலையில், கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதவள் இவள்.

கணவனின் தம்பி கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மத்தியானச் சாப்பாடு அண்ணி கையால்தான். அண்ணிக்காக அவன் ஒரு வலைத்தளம் செய்து, பெண்கள் எழுதிக் கேட்பதற்கு ஒரு படிவமும் வைத்துக் கொடுத்தான். போனில் பேச வாய் வராத பெண்கள் அதில் எழுதினார்கள். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை அல்லவா?

அந்த வாசல் வழியாகவே சோதனையும் வந்தது. கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது, உங்கள் வலைத்தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று தினமும் குப்பை. போதாததற்கு, மார்பகம் என்ற சொல்லை மோப்பம் பிடித்து ஆபாசமும் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. ஒரு நாள் சாப்பிட வந்த கொழுந்தன் திரையைப் பார்த்துவிட்டான். அண்ணி முன்னால் அவனால் தலை நிமிர முடியவில்லை, அதையெல்லாம் எழுதியவனே அவன்தான் என்பதுபோல.

மறுநாள் வந்து சொன்னான். "இனிமே ஒரு அசிங்கமும் உள்ள வராது அண்ணி. அந்த மாதிரிச் சொல்லையெல்லாம் தடை பண்ணிட்டேன். அதுல ஒண்ணு இருந்தாலும் நேரா ஸ்பேம் பெட்டிக்குப் போயிரும்."

பெட்டி கழுவிவிட்ட தரைபோல் சுத்தமாயிற்று. பஞ்சக்கா முதலில் மூச்சு விட்டாள். வாரங்கள் போகப் போக, அந்தச் சுத்தமே அவளை உறுத்தத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னப்பா, ஒரு மெயிலும் காணோம்?"

"நிம்மதியா இருக்குல்ல?"

"ஊர்ல ஒருத்திக்குமா நோய் வரல?"

"நல்ல விஷயம்தானே அண்ணி."

"நல்ல விஷயம்தான். ஆனா ஆஸ்பத்திரி இன்னும் திறந்துதானே இருக்கு. ஆமா, நீ என்னென்ன சொல்லைத் தடுத்தே?"

அவன் தட்டைப் பார்த்தான். "அதெல்லாம் உங்ககிட்ட எப்படி அண்ணி சொல்றது?"

"நான் தைக்கிறதே அதுக்குத்தான். சொல்லு."

அவன் முதல் சொல்லைச் சொன்னான். அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"என்கிட்ட எழுதறவ வேற எந்தச் சொல்லைப்பா எழுதுவா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். ஸ்பேம் பெட்டியில் விழுவது ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும் என்பதையும் அப்போதுதான் மென்று விழுங்கிச் சொன்னான். "நான் தேடித் தர்றேன். நீங்க அதையெல்லாம் படிக்காதீங்க."

"உனக்கு வெக்கம். வெக்கப்பட்டா கண்ணு ஓடிடும். தள்ளு."

அவள் உட்கார்ந்தாள். எந்த வரியைப் படித்தால் மானமுள்ள பெண் எழுந்து ஓடுவாளோ, அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். கல் பொறுக்குவதுபோல நிதானமாகப் படித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சேற்றில் விழுந்த குழந்தையைத் தேடுகிறவள் சேற்றையா பார்ப்பாள்?

கிடைத்துவிட்டது. ஒரே பெண் எழுதிய மூன்று கடிதங்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாம். மார்பகம் எடுத்து ஆறு மாதம் ஆகிறது, மைதானத்தில் பிள்ளைகள் முன்னால் ஓட வேண்டும், உங்களால் முடியுமா என்று முதல் கடிதம். என் கடிதம் கிடைத்ததா என்று இரண்டாவது. மூன்றாவது நேற்று வந்தது: "பதில் எழுத உங்களுக்கு விருப்பமில்லை போலும். பரவாயில்லை. திங்கட்கிழமை வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுக்கப்போகிறேன்."

தொலைபேசி எண் இல்லை. கேட்டால் பெண்கள் பயப்படுவார்கள் என்று படிவத்தில் அதைக் கேட்காமல் விட்டவளே பஞ்சக்காதான்.

"மெயில்தான் போடணும்," என்றான் கொழுந்தன். "ஆனா அண்ணி, படம், அந்தச் சொல், எதுவும் வேணாம். அவங்க பெட்டியிலயும் என்னை மாதிரி ஒரு முட்டாள் உக்காந்திருப்பான்."

தன் தொழிலின் பெயரைச் சொல்லாமல் ஒற்றை விரலால் எழுதினாள். "உங்கள் கடிதங்களை இன்றுதான் பார்த்தேன். தப்பு எங்களுடையது. நாளை வாருங்கள், தைத்து வைக்கிறேன். எந்தப் பக்கம்?" கீழே வீட்டு விலாசம்.

பதில் வரும்வரை அவள் கை சும்மா இருக்கவில்லை. பக்கம் தெரியாததால் இடதும் வலதுமாக இரண்டு திண்டுகளை வெட்டினாள். கொழுந்தன் பரிகாரம் தேடிக்கொண்டிருந்தான். "இந்தக் குப்பையை அனுப்பறது பூரா மெஷின்தான். படிவத்துல படப் புதிர் ஒண்ணு வைக்கலாம் அண்ணி. நான் மெஷின் இல்ல, மனுஷிதான்னு நிரூபிச்சாதான் எழுத முடியும்."

"வேணாம்ப்பா. நாம இன்னும் முழு மனுஷிதானான்னு ராத்திரியெல்லாம் அழுதுட்டு வர்றவ அவ. அவகிட்டப் போய் நிரூபின்னு கேப்பியா?"

அவன் திரையில் திறந்து வைத்திருந்த படப் புதிரை மூடினான்.

வெயில் சாயும் நேரத்தில் பதில் வந்தது. "இடது. நிஜமாகவே நீங்கள்தானா?"

கொழுந்தன் அந்த முதல் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணி, படிவத்துல இதையே கேட்டா என்ன? எந்தப் பக்கம்னு கேப்போம். எழுத்துலதான் பதில் எழுதணும். மெஷின் அங்கயும் லிங்க்கைத்தான் போடும். அதுக்கு ஏது இடது வலது?"

"பதட்டத்துல எவளாவது அதை எழுதாம விட்டா?"

"அழிக்க மாட்டேன். சந்தேகமானதெல்லாம் தனியாப் போகும்."

"அதை நான் தினமும் காலையில பாத்துக்கறேன்."

கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தையும் அவன் படிவத்தில் ஒளித்து வைத்தான். மனிதர்கள் காணாத அதை இயந்திரம் மட்டும் ஆசையாக நிரப்பி, தானே மாட்டிக்கொள்ளும். தடை செய்த சொற்களையெல்லாம் விடுவித்தான். குப்பை முழுவதும் நின்றுவிடவில்லை. வருவது ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது, அவ்வளவுதான். அந்தக் கைப்பிடியையும் இன்றுவரை காலைத் தேநீரோடு படித்துவிட்டுத்தான் அவள் ஊசியில் நூல் கோக்கிறாள். இதற்கு யாரும் மாலை போடப்போவதில்லை. போட வேண்டும் என்பேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆசிரியை வந்தாள். நெடிய உடம்பு, இடது தோள் மேலேறியிருந்தது. துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"நீங்களும் என்னை வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன்," என்றாள்.

"உங்க லெட்டரைக் குப்பையில போட்டது இவர்தான்," என்று பஞ்சக்கா கொழுந்தனைக் காட்டினாள். "திட்டணும்னா திட்டுங்க, கேட்டுக்குவார்." அவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

திரைக்குப் பின்னால் அளவு பார்த்து, மணிகளைக் கூட்டிக் குறைத்து, இரண்டு முறை பிரித்துத் தைத்த பிறகு ஆசிரியை கண்ணாடி முன் நின்றாள். கையைத் தூக்கினாள். குனிந்தாள். நின்ற இடத்திலேயே குதித்தாள். நழுவவில்லை.

"ஓடிப் பாக்கலாமா?" என்றாள் சின்னப் பிள்ளைபோல.

"அதுக்குத்தானே தைச்சது."

படியில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். காற்றாக அவனைத் தாண்டி இறங்கித் தெருவில் ஓடினாள் அவள். தெருமுனை திரும்பி மறைந்தாள். வெகுநேரம் ஆளைக் காணோம்.

"அண்ணி, அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்களோ?"

"பையும் செருப்பும் இங்கதான் இருக்கு."

தெருமுனையில் மறுபடி தெரிந்தாள். முகமெல்லாம் கண்ணீர், வியர்வை. எது எது என்று பிரிக்க முடியாது. ஜன்னலில் நின்ற பஞ்சக்கா அந்த முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு தோள்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சமமா இருக்குப்பா," என்றாள். "நாளைக்கு அவங்க வேலைக்குப் போவாங்க."

கீழே ஆசிரியை வாசலில் நிற்காமல் இன்னொரு சுற்று ஓடப் போய்விட்டாள்.