எபன் டார்விட்டின் பெரிய பந்து ஆண்டு

பிட்கார்வியில் துறைமுகத்துக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மீன்பிடிக்கிறவர்கள் எல்லோருமே ஆடுவார்கள். ஆனால் ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போய் அதையே பிழைப்பாக்கிக்கொண்டவர் எபன் டார்விட் ஒருவர்தான்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஆண்டு, தொழில்முறைப் போட்டிகளில் பெரிய பந்தைத்தான் ஆட வேண்டும் என்று விதி வந்தது. குறுக்களவில் ஒரு பென்னி நாணயத்தின் தடிமன்தான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, கடற்காற்றுக்குத் தெரியும். சின்னப் பந்து காற்றைத் துளைத்துக்கொண்டு போகும். பெரியது மேலே எழும்பி, போகலாமா வேண்டாமா என்று நிற்கும். காற்றுக்கு அடியில் தாழ்வாக அடிக்கிற ஒரே ஒரு அடியால் பிழைத்தவர் எபன். அந்த ஆண்டு முழுக்க அந்த அடி அவரைக் கைவிட்டது.

ஆண்டு முடிவில் பரிசுப்பணப் பட்டியலில் முதல் அறுபது பேருக்குள் வராவிட்டால், கோல்ஃபை விட்டுவிட்டு மாமனாரின் படகில் ஏறுவதாக மனைவி நெட்டியிடம் சொல்லியிருந்தார். கடைசிப் போட்டி, கடைசி நாள். இருக்கிற நிலையிலேயே முடித்தால் உள்ளே வந்துவிடலாம்.

பதினான்காம் குழியில் பந்து முட்புதரில் தொலைந்தது. பை தூக்கிய நெட்டியின் தம்பி லௌரி வேறொன்றை எடுத்துக் கொடுத்தான். பதினாறாம் குழியில் எதிர்க்காற்று. காலையிலிருந்து யாருடைய பந்தும் இரண்டாவது அடியில் குழியைச் சுற்றிய பச்சைப் புல்தரையை எட்டவில்லை. எபனின் பந்து புல்லை உரசுகிற மாதிரி பறந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

எபன் சிரிக்கவில்லை. பந்து இருந்த இடத்தில் நாணயத்தை வைத்துவிட்டு, பந்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“மாப்ளே, ஞாயித்துக்கிழமை ஊர்ல ஆடின சின்னப் பந்தெல்லாம் எங்க வச்ச?”

லௌரியின் முகம் வெளுத்தது. “இதே பையிலதான் அத்தான். வேற ஜோபில.”

“நிச்சயமா?”

“நிச்சயமான்னா... பேசாம தட்டி விடுங்களேன். நல்லா அடிச்சீங்க, போச்சு.”

“நான் அவ்வளவு நல்லா அடிக்க மாட்டேன்டா. அது உனக்கே தெரியும்.”

கூட ஆடிய யார்க்‌ஷயர்க்காரர் பிக்கர்ஸ்கில் கைகளை ஊதிக்கொண்டே வந்தார். “என்னய்யா, பந்துக்கு ஜாதகம் பாக்குறியா? மழை வருது.”

“சின்னப் பந்தோன்னு சந்தேகமா இருக்கு.”

“அப்படின்னா உன்னை வெளிய அனுப்பிருவாங்க. எனக்கு எதுவும் கேக்கல. காத்து பலமா இருக்கு பாரு.”

எபன் நடுவரைக் கூப்பிட்டார். லௌரி பைமேல் உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான். நடுவர் சட்டைப்பையிலிருந்து இரும்பு வளையம் ஒன்றை எடுத்தார். சின்னப் பந்து என்றால் அதன் வழியே விழுந்துவிடும். பந்தை அதன்மேல் வைத்து, விரலால் ஒரு தட்டு தட்டினார்.

பந்து விழவில்லை.

“பெரிய பந்துதான். ஆடுங்க.”

லௌரி தொப்பியை வானத்தில் எறிந்தான். எபன் மட்டும் இன்னும் குழம்பிப்போய் நின்றார். “அப்போ எப்படிடா போச்சு?”

பதினேழில் பச்சைக்கு முன்னால் ஓடை. அதற்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, அடுத்த அடியில் தாண்டினால் போதும். எபன் பதினாறில் அடித்த அதே நீள இரும்பு மட்டையைக் கேட்டார்.

“அத்தான், வேண்டாம். அறுபதுக்குள்ள இருக்கீங்க.”

“கை என்ன பண்ணுச்சுன்னு தெரியாம, அடுத்த வருஷம் எதை நம்பி ஆடச் சொல்ற?”

லௌரி மட்டையைக் கொடுத்தான். பந்து எழும்பியது, காற்றில் நின்றது, ஓடையில் விழுந்தது.

சாயங்காலம் பலகையில் அவர் பெயர் அறுபத்திரண்டாவதாக இருந்தது. அவர்கள் வீட்டுக்கு வந்ததும் நெட்டி கதவைத் திறந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மாவுக்குள் ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட பலகாரத்தைச் சூடாக்கி வைத்து, “அப்பாகிட்ட நானே சொல்லவா?” என்றாள்.

“சொல்லு,” என்றார் எபன். பிறகு மேசைக் கத்தியை மட்டைபோலப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். “இங்க பாரேன். பதினாறுல இப்படித் திருப்பியிருப்பேனோ?”