காரியதரிசி குடித்த கறுப்பு பீர்

மதுவிலக்குச் சங்கத்தில் நான் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் குடித்துக் கெட்டவர் யாருமில்லை. எனக்குக் குரல் நன்றாக இருந்தது. நாலு பேர் முன்னால் நின்று பேசப் பிடித்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பினாங்கில் ஒரு தமிழ்க் குமாஸ்தாவுக்கு மேடை அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. சங்கம் கொடுத்தது. இரண்டாம் வருஷமே என்னைக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள்.

வார நாட்களில் துறைமுகத்துக்கு எதிரே ரப்பர் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டத்தோ கிராமாட்டில் இருந்த வீட்டிலிருந்து கிளம்பி, ஃபெரி ஏறி, அக்கரையில் பிறை என்ற ஊரில் ரயில் பிடித்து ரப்பர் தோட்டங்களுக்குப் போவேன். கள் குடலை அரிக்கும், புத்தியை மழுக்கும், குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தும் என்று அடுக்குவேன். பெண்கள் தலையாட்டுவார்கள். ஆண்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கூட்டம் கலைந்ததும் நேரே கள்ளுக்கடைக்கு நடப்பார்கள். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அதைப் பார்க்காதவன் போல நான் கிளம்பிவிடுவேன்.

நிபோங் திபாலுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒருநாள் பேசி முடித்தபோது, முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை" என்றேன் பெருமையாக.

"அப்ப எப்படிங்க இவ்ளோ விஷயம் தெரிஞ்சுது?"

அவர் குரலில் கேலி இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கெட்டதைத் தெரிந்துகொள்ளக் கெட்டுப்போக வேண்டுமா என்று என்னவோ சொல்லிவிட்டு இறங்கினேன். பிறை வரும்வரை ரயிலில் அந்தக் கேள்வி என் எதிரே உட்கார்ந்திருந்தது.

எங்கள் கம்பெனியில் ரப்பரின் தரம் பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். பெல்ஜியம் நாட்டவர். வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு அவருடைய அண்ணன் ஊரிலிருந்து ஒரு பெட்டி பீர் அனுப்புவார். குமாஸ்தாக்களுக்கு ஆளுக்கொரு போத்தல் கொடுப்பது இவர் வழக்கம். என் பங்கை அங்கேயே பக்கத்து மேசைச் சீனருக்குத் தள்ளிவிடுவது என் வழக்கம். அந்த வருஷம் நான் போத்தலைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெள்ளைக்காரரும் கவனித்திருக்க வேண்டும். மாலையில் என்னிடம் வந்து அரைகுறை மலாயில் சொன்னார்: ஐஸ் போடாதே; இது சாதாரண பீர் இல்லை, ஏல் என்கிற வகை, கடுமையானது; அடியில் வண்டல் இருக்கும், அதைக் கலக்காமல் ஊற்று. "பெலான், பெலான்" என்று இரண்டு முறை சொன்னார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். ஊற்றுவதைச் சொன்னாரா, குடிப்பதைச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்குப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

சொன்னேன். தோட்டத்துக்காரர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வரும்போது அவள் கையில் இரண்டு தேநீர்க் கிளாஸ் இருந்தது.

"உனக்கு எதுக்கு?"

"நாளைக்கு நீங்க வந்து ஒண்ணு சொல்லுவீங்க. அது நெசமா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கெட்டிக் கண்ணாடிப் போத்தல். தக்கையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். கம்பியைத் தளர்த்தியதும் தக்கை தானாகவே பறந்து கூரையில் அடித்தது. இருவரும் பயந்துபோய் ஜன்னலைப் பார்த்தோம். கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றினேன். சீனர் கடைக் காப்பியைப் போலக் கறுப்பு; வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விளிம்பில் சிவப்பு. மேலே பழுப்பு நுரை ஒரு விரல் உயரத்துக்கு எழுந்து, கலையாமல் நின்றது.

நாற்றமடிக்கும் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். கஷாயம் குடிக்கிறவனைப் போல முகத்தை முன்கூட்டியே சுளித்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தேன்.

முதலில் வந்தது கருப்பட்டி. அதை ஒட்டி உலர்ந்த திராட்சை. பிறகு ரொட்டியின் அடியில் கருகிப் பிடித்திருக்குமே, அந்த ருசி. அதற்குள் எங்கேயோ கொஞ்சம் கிராம்பு வாசம். விழுங்கிய பிறகுதான் அடிநாக்கில் கசப்பு தெரிந்தது. கசப்பு விலகியதும் நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கி, அங்கேயே தங்கிக்கொண்டது. சுளித்து வைத்த முகத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மனைவி இரண்டாம் வாய் குடித்துவிட்டு, கிளாஸைப் பார்த்தபடியே சொன்னாள்: "நல்லாருக்குங்க."

"ஆமாம்" என்றேன்.

"இத்தன வருசமா நல்லாருக்காதுன்னுதானே சொல்லிட்டிருந்தீங்க?"

போத்தலில் முக்கால்வாசியை நான்தான் குடித்தேன். தோள்பட்டையில் ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. வாரம் முழுக்கக் குனிந்து எழுதியதால் அங்கே ஒரு முடிச்சு விழுந்திருந்தது. அது இருந்தது என்பதே அவிழ்ந்த பிறகுதான் தெரிந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பேசாததையெல்லாம் அன்று பேசினோம். நான் வீட்டில் ஒத்திகை பார்க்கும் பிரசங்கங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடமாம். என்னைப் போலவே கையை உயர்த்திப் பேசிக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. சிரித்து முடித்த பிறகு, "அதுல உங்களுக்கா தெரிஞ்ச வரி ஒண்ணுகூட இல்லைங்க" என்றாள். அதில் சிரிப்பு இல்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு சனிக்கிழமைக் குறும்பாகப் போயிருக்கும். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் வந்தது. சாப்பிட்டு உட்கார்ந்தவுடன் வாயில் நீர் ஊறியது. கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு மணி. யாரும் அழைக்காமலே உடம்பு அதை நினைத்துக்கொண்டது. ஒரே ஒரு போத்தல்தான் குடித்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு, இந்த நினைப்பைத் தினமும் சந்திக்கிறவர் என்று, கேள்வி கேட்ட அந்தத் தோட்டத்துக்காரர்மேல் முதல்முறையாக மரியாதையும் வந்தது.

மறுநாளே நிபோங் திபாலுக்குப் போனேன். எழுதிவைத்த பிரசங்கம் எதையும் எடுத்துப் போகவில்லை. "போன தடவை ஒருவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். குடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது" என்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். முழுதாக ஐந்து நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

அன்றைக்குக் கள்ளுக்கடைக்குப் போகாமல் என்னோடு நின்றவர் கேள்வி கேட்ட அந்த மனிதர் ஒருவர்தான். அவரிடம் கேட்டேன்: "அண்ணே, உங்களுக்கு அந்த நினைப்பு எத்தனை மணிக்கு வரும்?"

"ரெண்டு மணிக்குங்க. பால் நிறுத்துக் குடுத்து, குளிச்சு, சாப்பிட்டு ஒக்காந்தா வந்துரும்."

"அதுக்கப்புறம் இருட்டுகிறவரைக்கும் வேறென்ன இருக்கு இங்கே?"

அவர் சுற்றிப் பார்த்தார். தொழிலாளிகள் குடியிருக்கும் இரண்டு வரிசை லயம், ஒரு கோயில், ஒரு கள்ளுக்கடை, மற்றதெல்லாம் ரப்பர் மரம். "ஒண்ணுமில்லீங்க" என்றார். இத்தனை காலம் அங்கே இருந்தும் அன்றுதான் அதைக் கண்டவர் மாதிரி சொன்னார். பிறகு, "பேப்பர் வந்தா நல்லாருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க வீட்டுல நல்லாப் படிக்கும்" என்றார்.

பினாங்கு திரும்பிய மூன்றாம் நாள் சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"நீங்க குடிச்சது ஒரு தப்பு. நல்லா இருந்துச்சுன்னு மேடையில சொன்னது ரெண்டாவது தப்பு. ரெண்டாவதுதான் பெருசு" என்றார். அவர் நல்ல மனிதர். என்மேல் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். பதவியிலிருந்து விலகினேன். சங்கத்தின் முத்திரையைத் திருப்பிக் கொடுத்தபோது வலிக்கத்தான் செய்தது. இனி எங்கே பேசுவேன் என்றுதான் முதலில் தோன்றியது.

பேசத் தேவைப்படவில்லை. அலுவலகத்திலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் படித்து முடித்த தமிழ்ப் பத்திரிகைகளைச் சேர்த்துக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போனேன். அந்த மனிதரின் மனைவி நிஜமாகவே நன்றாகப் படித்தார். ஊரில் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவராம். தினமும் பகல் சாப்பாடு முடிந்ததும் கள்ளுக்கடைக்கு எதிரே இருந்த மரத்தடியில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, தெளிவாகப் படிப்பார். பத்துப் பேர் வந்தார்கள். மறுவாரம் இருபது. சிலர் கையில் கள் குவளையோடுதான் வந்து நின்றார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

அந்த மனிதர் குடியை நிறுத்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நிறுத்தவில்லை. சம்பளம் வாங்கும் நாளிலும் திருவிழாவிலும் குடிப்பார். மற்ற நாட்களில் மனைவி படிப்பதைக் கேட்க முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். பத்திரிகைக்கட்டு வார நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது, பழையதையே திரும்பப் படிக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குச் செய்தி வந்தது. நான் அந்த பீரை மறுபடி குடித்தேனா என்றால், இல்லை. அடுத்த கிறிஸ்துமஸில் என் போத்தல் பழையபடி பக்கத்து மேசைக்கே போனது. ஆனால் மட்டமான சரக்கு என்று நினைத்துக் கொடுக்கவில்லை.

மழை ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் கூட வந்தாள். படிக்கும் அம்மாளும் அவளும் லயத்து வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். ரயிலில் திரும்பும்போது சொன்னாள்: "அக்கா ஒண்ணு கேட்டாங்க. பேப்பர்ல ஊர் பேரா வருதாம். எது எங்க இருக்குன்னு எல்லாரும் கேக்குறாங்களாம், இவங்களுக்குச் சொல்லத் தெரியலயாம்."

அடுத்த வாரம் துணியில் ஒட்டிய உலகப்படம் ஒன்றைச் சுருட்டிக் குடையைப்போல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபெரி ஏறினோம். தோட்டத்தில் நிழலும் பலகைச் சுவரும் சேர்ந்து இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். கள்ளுக்கடைக்காரரிடம் போய்க் கேட்டோம். அவர் படத்தை விரித்துப் பார்த்தார். மலாயா எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். உள்ளே போய் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து, வெளிச்சுவரில் அவரே அடித்துக் கொடுத்தார்.